எண்ணூற்று முப்பது கிராம்

நவம்பர் மாதத் தீயணைப்புப் பயிற்சி முடிந்து முகமூடியைக் கழற்றியதும் ராக்னா முதலில் பார்த்தது ஓஸ்முன்னின் தோளில் தொங்கிய காற்றுமானியைத்தான். இருவரும் ஒரே நேரத்தில், முன்னூறு காட்டிய சிலிண்டர்களோடுதான் பழைய மீன் கிடங்குக்குள் போயிருந்தார்கள். ஒரே தூரம் தவழ்ந்து, ஒரே பொம்மை மனிதனை ஆளுக்கொரு பக்கம் பிடித்து இழுத்து வந்திருந்தார்கள். அவளுடைய முள் நூற்று எழுபதில் நின்றது. அவனுடையது தொண்ணூறில்.

"நீ காத்தை இழுக்கிறியா, இல்ல திங்கிறியா?" என்றாள்.

"பெரிய உடம்பு, பெரிய வாய்" என்றான் அவன்.

"போன வருஷமும் இதே உடம்புதான். அப்போ நூத்தி முப்பது மிச்சம் இருந்தது."

அவன் கையுறையை உதறினான். மழை தூறிக்கொண்டிருந்தது. ஹெல்லேவோக்கில் நவம்பர் முழுக்கத் தூறிக்கொண்டுதான் இருக்கும். அவன் மூச்சு இன்னும் அடங்கவில்லை. அது அவளுக்குத் தெரியக்கூடாது என்று வண்டியின் பின்பக்கம் போய், குழாயைச் சுருட்டுகிற சாக்கில் குனிந்து நின்றான்.

அந்தச் சின்ன ஊரின் தீயணைப்பு நிலையத்தில் முழுநேர ஆள் ஒருவரும் கிடையாது. ஓஸ்முன் தச்சன். ராக்னா கடலில் மிதக்கும் சால்மன் மீன் வளர்ப்புக் கூண்டுகளில் வேலை பார்ப்பவள், அவனைவிட ஐந்து வயது மூத்தவள். தலைவர் குட்டோர்ம் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவர். இடுப்பில் மாட்டிய அழைப்புக் கருவி கத்தினால் எல்லோரும் கைவேலையைப் போட்டுவிட்டு ஓடி வரவேண்டும். அவர்களில் புகைக்குள் இறங்கத் தகுதிச் சான்று பெற்றவர்கள் ஆறே பேர். இறங்குவது எப்போதும் இரண்டிரண்டு பேராக. ஒருவர் வெளியே வந்தால் மற்றவரும் வந்தாக வேண்டும், அதில் பேச்சே கிடையாது. பதினோரு வருடமாக ஓஸ்முன்னின் ஜோடி ராக்னா.

ஊரில் அவனுக்கு இன்னொரு பெயர் உண்டு: சர்க்கரைப் பொட்டலம். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்தொன்பதில் அவன் அம்மா போர்கில், படகுச் சிற்றுண்டிக் கடையில் காப்பி ஊற்றிக்கொண்டிருந்தபோது வலி கண்டது. அப்போது கர்ப்பத்துக்கு இருபத்தாறு வாரம்தான். ஹெலிகாப்டரில் பெர்கன் நகரத்துக்குக் கொண்டுபோனார்கள். பிறந்த பிள்ளை எண்ணூற்று முப்பது கிராம். "கடையில வாங்குற சர்க்கரைப் பொட்டலமே ஒரு கிலோ இருக்கு" என்று அவன் அப்பா ஊரெல்லாம் சொல்லிவைத்தார். பயத்தை மறைக்கச் சொன்ன வேடிக்கை அது. ஒன்பது வாரம் ஒரு இயந்திரம் அவனுக்காக மூச்சு விட்டது. அதற்கப்புறம் இரண்டு மாதம் மூக்கில் குழாய். வீட்டுக்கு அனுப்பும்போது மருத்துவர், இனி இவன் எல்லாப் பிள்ளைகளையும் போலத்தான் என்றார். அந்த ஒரு வாக்கியத்தைப் போர்கில் முப்பத்தைந்து வருடமாகப் பத்திரமாக வைத்திருந்தாள்.

பள்ளியில் கேலியாக இருந்த பெயர், அவன் தீயணைப்பில் சேர்ந்ததும் மெடலாக மாறிப்போனது. முப்பது கிலோ சாமானை முதுகில் ஏற்றிக்கொண்டு சர்க்கரைப் பொட்டலம் படியேறுது பாரு என்று ஊர் சொன்னபோது அவனுக்கு நெஞ்சு விரிந்தது. குறைந்தபட்சம் விரிந்த மாதிரி இருந்தது.

பெர்கன் ஆஸ்பத்திரி பத்து வயதில் ஒருமுறை, பதினெட்டில் ஒருமுறை அவனைக் கூப்பிட்டுக் குழாயில் ஊதச் சொன்னது, ஓடச் சொன்னது. கொஞ்சம் குறைவுதான், ஆனாலும் நன்றாகச் சமாளிக்கிறாய் என்றார்கள். இருபத்தைந்தில் வந்த கடிதத்துக்கு அவன் பதில் போடவில்லை. தீயணைப்பு வேலைக்கான வருடாந்திர மருத்துவப் படிவத்தில் புகை பிடிப்பாயா, ஆஸ்துமா உண்டா, குடும்பத்தில் மாரடைப்பு உண்டா என்றெல்லாம் இருக்கும். நீ எத்தனை வாரத்தில் பிறந்தாய் என்று யாரும் கேட்டதில்லை. 'சிறுவயதில் ஆஸ்துமா, இப்போது இல்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிடுவான்.

இரண்டு வருடமாக ஏதோ இறங்கிக்கொண்டிருந்தது. மாடிக்குப் பலகை தூக்கிப் போகும்போது பாதிப் படியில் நின்று ஜன்னலைப் பார்ப்பான், கடலில் ஏதோ கப்பல் வருகிற மாதிரி. பனி வாரும்போது உதடு கறுக்கும். அவன் மனைவி இங்வில் இதையெல்லாம் கவனித்தாள்.

"ஒரு தடவை டாக்டர்கிட்டக் காட்டேன்."

"மரத்தூள்தான். எல்லாத் தச்சனுக்கும் உள்ளது."

"உங்க முதலாளிக்கு அறுபது வயசு. அவர் உன்னைத் தாண்டிப் படியேறிப் போறாரு."

"அவரு ஆடு மாதிரி. பொறந்ததே மலையில."

இங்வில் சிரிக்கவில்லை.

ஜனவரியில் தகுதிச் சோதனை வந்தது. முழு உடுப்பு, சிலிண்டர், முகமூடியோடு ஓடும் பட்டை இயந்திரத்தில் ஏறி நடக்கவேண்டும். நிமிடத்துக்கு நிமிடம் சரிவு கூடும். எட்டு நிமிடம் தாக்குப்பிடித்தால் அந்த வருடம் புகைக்குள் இறங்கலாம். இடையில் கைப்பிடியைப் பிடித்தால் தோல்வி. பள்ளி உடற்பயிற்சிக் கூடத்தில் குட்டோர்ம் கையில் கடிகாரத்தோடு நின்றார். ஓஸ்முன் கழிப்பறைக்குப் போய், தங்கை வீட்டில் கேட்டு வாங்கிய நீல இன்ஹேலரை நாலுமுறை இழுத்துவிட்டு வந்திருந்தான்.

ஐந்து நிமிடம் வரை சரியாகவே போனது. ஆறாவது நிமிடத்தில் கால் கனத்தது. ஏழில், காற்று உள்ளே வந்துகொண்டுதான் இருந்தது, ஆனால் அது எங்கேயும் போய்ச் சேரவில்லை. நெஞ்செலும்புக்குப் பின்னால் யாரோ கட்டைவிரலை வைத்து அழுத்துவதைப் போலிருந்தது. சுவரில் மாட்டியிருந்த கடிகாரம் தண்ணீருக்குள் கிடப்பதாகத் தெரிந்தது. கை தானாகப் போய்க் கைப்பிடியைப் பிடித்தது.

குட்டோர்ம் பொத்தானை அழுத்திப் பட்டையை நிறுத்தினார். "எட்டு" என்றார். தாளில் எழுதினார்.

சுவர்க் கடிகாரத்தில் ஏழு நிமிடம் இருபது வினாடிதான் ஆகியிருந்தது. பெஞ்சில் உட்கார்ந்து பூட்ஸ் கயிறு கட்டிக்கொண்டிருந்த ராக்னா தலையைத் தூக்கினாள். கடிகாரத்தைப் பார்த்தாள், குட்டோர்மைப் பார்த்தாள், மறுபடி கயிற்றைக் கட்டத் தொடங்கினாள்.

வெளியே வண்டிகள் நிற்கும் இடத்தில் குட்டோர்ம் அவனைத் தனியே நிறுத்தினார். "ஆறு பேர் இருக்கறதாலதான் இந்த ஸ்டேஷன் இருக்கு. அஞ்சு ஆனா நகராட்சி இதை மூடிட்டுப் பக்கத்து ஊரோட சேத்துரும். அங்கேருந்து வண்டி வர அம்பது நிமிஷம். அதுவும் வண்டி ஏத்துற படகு கிடைச்சா. புரியுதா?"

"புரியுது."

"அடுத்த ஜனவரிக்குள்ள உடம்பைத் தேத்து. மலையேறு, ஓடு, என்ன வேணா பண்ணு."

அவர் போனதும் ராக்னா வந்தாள். மழைத் தொப்பியைக் கண்வரை இழுத்துவிட்டிருந்தாள்.

"உன்கூட உள்ள வரப்போறது நான். அது ஞாபகம் இருக்கா?"

"இருக்கு."

"நான் எழுதிக் குடுத்தா நீ வெளிய. ஸ்டேஷனும் போச்சு. அதுக்காகத்தான் சும்மா இருக்கேன். பயமில்லாம இல்ல, தெரிஞ்சுக்க."

"ஒண்ணும் ஆகாது, ராக்னா."

"அதை நீ சொல்லாத. உன் நெஞ்சு சொல்லட்டும்."

அதே வாரம் பெர்கனிலிருந்து கடிதம் வந்தது. நீங்கள் பிறந்த வருடங்களில் மிகச் சீக்கிரம் பிறந்து பிழைத்தவர்களை மறுபடி ஒருமுறை பார்க்க விரும்புகிறோம், நுரையீரலோடு இந்தமுறை இதயத்தையும், என்று எழுதியிருந்தது. அவன் அதை அடுப்பு பற்றவைக்கும் சுள்ளிப் பெட்டியில் போட்டான். ஆனால் பழைய பதிவில் முகவரி இருந்ததால் அம்மாவுக்கும் ஒரு பிரதி போயிருந்தது. போனில் கூப்பிட்டாள்.

"இதயத்தையும்னு போட்டிருக்கானுங்களே. எதுக்குடா?"

"ஆராய்ச்சிம்மா. அவங்களுக்கு எண்ணிக்கை வேணும்."

"போய்ட்டு வந்துடேன்."

"நான் அந்தக் கண்ணாடிப் பெட்டிக்குள்ள கெடந்த புள்ள இல்லம்மா இப்போ."

 போர்கில் மெதுவாகச் சொன்னாள். "உன்னை மொதல்ல பாத்தப்போ உன் நெஞ்சு மூச்சுக்கு மூச்சு உள்ள குழிஞ்சு முதுகோட ஒட்டுச்சு. அதை நான் யார்கிட்டயும் சொன்னதில்ல. போன கிறிஸ்துமஸுக்கு நீ மரம் தூக்கிட்டு வந்து நின்னியே, அன்னிக்கு உன் கழுத்து அதே மாதிரி குழிஞ்சுது."

அவன் வேலை இருக்கிறது என்று போனை வைத்தான். கடிதம் சுள்ளிப் பெட்டியிலேயே கிடந்தது. மேலே இரண்டு செய்தித்தாள் விழுந்தன.

பிப்ரவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, காலை பதினோரு மணிக்குக் கருவி கத்தியது. மேட்டுத் தெருவில் ஆர்ன்ஃபின்னின் வீடு. எண்பத்தொரு வயது, ஒற்றை ஆள், ஓய்வுபெற்ற படகோட்டி. புகைபோக்கியில் பிடித்த தீ மரச்சுவருக்குள் இறங்கியிருந்தது. வண்டி போய்ச் சேர்ந்தபோது மாடி ஜன்னலிலிருந்து பழுப்பு நிறத்தில் கெட்டியாகப் புகை உருண்டு வந்தது. அவர் மாடியில்தான் படுப்பார், காலையில் ஜன்னலில் கையாட்டினார் என்று பக்கத்து வீட்டுக்காரி சொன்னாள்.

முதல் ஜோடி ஓஸ்முன்னும் ராக்னாவும். இரண்டாவது ஜோடி வாசலில் உடுப்போடு தயார். குட்டோர்ம் ரேடியோவோடு நின்றார்.

கதவைத் தாண்டியதும் ஒன்றும் தெரியவில்லை. ஓஸ்முன் இடது கையால் சுவரைத் தடவிக்கொண்டு, வலது கையால் ராக்னாவின் பெல்ட்டைப் பிடித்துக்கொண்டு தவழ்ந்தான். தோளில் போட்டிருந்த குழாய் பாறாங்கல்லாகக் கனத்தது. மாடிப்படி குறுகல். ஏழாவது படியில் அவன் மூச்சு முகமூடிக்குள் சத்தம் போட ஆரம்பித்தது. அவனுக்கே அது வேறு யாருடைய மூச்சோ என்று தோன்றியது.

"அழுத்தம் சொல்லுங்க" என்றார் குட்டோர்ம் ரேடியோவில்.

"இருநூத்திப் பத்து" என்றாள் ராக்னா.

ஓஸ்முன் மானியைக் கண்ணருகே கொண்டுவந்தான். நூற்றிருபது. "நூத்தி எழுபது" என்றான்.

அந்தப் பொய்யைச் சொன்னபோது அவன் யோசிக்கவில்லை. பிற்பாடு அவன் அதை எத்தனையோ முறை யோசித்தான்.

மாடி நடையில் ஏறியதும் இருவருக்கும் கேட்டது. ஒரு கதவுக்குப் பின்னால், கீழே, தரையோடு, யாரோ தட்டுகிற சத்தம். மெதுவாக, இடைவெளி விட்டு.

"இங்கதான் இருக்காரு" என்றாள் ராக்னா. "பத்தடி. வா."

அவன் வர முயன்றான். முழங்கால் நகர்ந்தது, உடம்பு நகரவில்லை. கட்டைவிரல் அழுத்திய இடத்தில் இப்போது முழங்கையை வைத்து அழுத்துவதைப் போலிருந்தது. இதயம் துடிப்பதாகத் தெரியவில்லை, நடுங்கியது. கண்ணின் ஓரங்களிலிருந்து கறுப்பு உள்ளே வந்தது. அது புகை இல்லை என்று அவனுக்குத் தெரிந்தது. அப்போது அவன் சிலிண்டரின் எச்சரிக்கை விசில் ஊத ஆரம்பித்தது.

ராக்னா ஒரு வினாடி அசையாமல் இருந்தாள். கதவுப் பக்கம் திரும்பியிருந்த அவள் விளக்கு அங்கேயே நின்றது. அந்தப் பக்கத்திலிருந்து இன்னும் தட்டும் சத்தம் வந்துகொண்டிருந்தது. பிறகு விளக்கு இவன் பக்கம் திரும்பியது.

"ஜோடி வெளிய வருது" என்றாள் ரேடியோவில். குரலில் ஒன்றுமே இல்லை. "ரெண்டாவது ஜோடியை அனுப்புங்க. மாடி, வலது கடைசிக் கதவு. ஆள் உயிரோட இருக்காரு."

அவனைக் கழுத்துப்பட்டியைப் பிடித்துப் படியில் இழுத்து இறக்கியது அவள்தான். குறுகல் படியில் இவர்கள் இறங்கும்வரை இரண்டாவது ஜோடியால் ஏற முடியவில்லை. இரண்டாவது ஜோடி ஆர்ன்ஃபின்னை வெளியே கொண்டுவந்தபோது ஆறு நிமிடம் கூடுதலாக ஆகியிருந்தது. கிழவருக்கு மூச்சிருந்தது. மூன்றாம் நாள் பெர்கனில் இறந்துபோனார். முன்னாடியே எடுத்திருந்தால் பிழைத்திருப்பாரா என்று சொல்ல முடியாது என்றார்கள். சொல்ல முடியாது என்பதைத்தான் ஓஸ்முன் எல்லாவற்றையும்விடப் பயங்கரமாக உணர்ந்தான்.

செவ்வாய்க்கிழமை நிலையத்துச் சமையலறையில் குட்டோர்ம் அறிக்கைத் தாளைப் பரப்பி வைத்திருந்தார். மூன்று பேர்தான். காப்பி ஆறிக்கொண்டிருந்தது.

"வால்வுக் கோளாறுன்னு எழுதலாம்" என்றார் குட்டோர்ம். "பழைய செட்டு. யாரும் கேக்கமாட்டாங்க."

ராக்னா ஓஸ்முன்னைப் பார்த்தாள்.

"வால்வு நல்லாத்தான் இருந்துச்சு" என்றான் ஓஸ்முன்.

"யோசிச்சுப் பேசு. உனக்கு மட்டும் இல்ல, எனக்கும் சேத்துத்தான்."

"ஜனவரி சோதனைக்கு ஏழு நிமிஷம் இருபது வினாடின்னு எழுதுங்க. ரேடியோவுல நான் நூத்தி எழுபதுன்னு சொன்னேன், இருந்தது நூத்திருபது. அதையும் எழுதுங்க."

ராக்னாவின் முகம் மாறியது. அந்த எண்ணை அவள் அதுவரை அறியவில்லை. எழுந்து கோப்பையைக் கழுவித் தொட்டியில் கவிழ்த்து வைத்தாள். போகும்போது சொன்னாள், "நூத்திருபதுன்னு நீ சொல்லியிருந்தா, நான் படியிலயே உன்னைக் கூட்டிட்டுத் திரும்பி, அவங்களை ஏத்தியிருப்பேன்." கதவு சாத்திக்கொண்டது.

குட்டோர்ம் வெகுநேரம் பேனாவைக் கையில் வைத்துக்கொண்டிருந்தார். கடைசியில் அவன் சொன்னபடியே எழுதினார்.

அடுத்த வாரம் ஓஸ்முன் செய்தித்தாள்களுக்கு அடியிலிருந்து கடிதத்தை எடுத்துக்கொண்டு பெர்கனுக்குப் போனான். இங்வில் வண்டி ஓட்டினாள். ஆஸ்பத்திரியில் தூரி என்ற மருத்துவர், நரைத்த குட்டை முடி, அவனுடைய பத்து வயதுத் தாள்களையும் பதினெட்டு வயதுத் தாள்களையும் மேசையில் வைத்திருந்தார். ஊதச் சொன்னார்கள். நெஞ்சில் களிம்பு தடவி இதயத்தைத் திரையில் பார்த்தார்கள். படுத்தபடியே சைக்கிள் மிதிக்க வைத்து மறுபடி பார்த்தார்கள். திரையைப் பார்த்த பெண் பேசிக்கொண்டே இருந்தவள், நடுவில் பேச்சை நிறுத்திவிட்டாள்.

பிற்பகல் தூரி அவர்கள் இருவரையும் உட்காரவைத்தார்.

"எல்லாருக்கும் நுரையீரல் இருபது வயசு வாக்குல உச்சத்துக்குப் போகும். அப்புறம் வருஷா வருஷம் கொஞ்சம் கொஞ்சமா இறங்கும். உங்களுது அந்த உச்சத்துக்குப் போகவே இல்ல. இறக்கம் மட்டும் நேரத்துக்கு ஆரம்பிச்சிருச்சு. முப்பத்தஞ்சு வயசுல உங்களுக்கு இருக்கறது, பல வருஷம் சிகரெட் குடிச்ச ஒரு அறுபது வயசுக்காரரோட மூச்சு."

"நான் சிகரெட்டைத் தொட்டதே இல்ல."

"தெரியும். இன்னொண்ணு இருக்கு. நுரையீரல்ல இருக்கற ரத்தக் குழாய்களும் முழுசா வளரல. உழைக்கும்போது அங்க அழுத்தம் ஏறுது. இதயத்தோட வலது பக்கம் அதை எதிர்த்துத் தள்ளித் தள்ளிச் சுவர் தடிச்சுப் போயிருக்கு. அன்னிக்கு மாடியில உங்களுக்கு நடந்தது வெறும் மூச்சுத் திணறல் இல்ல."

இங்வில் கேட்டாள், "வருஷா வருஷம் டாக்டர் பாக்குறாங்களே, ஏன் யாரும் சொல்லல?"

"பெரியவங்களைப் பாக்குற டாக்டருங்க, எப்போ பொறந்தீங்கன்னு கேக்குறது தேதியை மட்டும்தான். எத்தனை வாரத்துலன்னு கேக்குறதில்ல."

புகைக்குள் இறங்குவது முடிந்தது என்றார். மரத்தூளுக்கு நல்ல முகமூடி போடவேண்டும். தினமும் நடக்கவேண்டும், அளவாக. உயரமான மலைக்குப் போகுமுன் கேட்கவேண்டும். மருந்து உண்டா என்று பார்க்க இன்னும் ஒரு சோதனை, தொடையிலிருந்து இதயம்வரை குழாய் விட்டு. ஆறு மாதத்துக்கு ஒருமுறை வரவேண்டும்.

"எத்தனை வருஷம் இருப்பேன்?" என்றான் ஓஸ்முன்.

தூரி பழைய தாள்களை ஒன்றாக அடுக்கினார். "உங்களுக்கு முன்னாடி இத்தனை சின்னதாப் பொறந்தவங்க பெரும்பாலும் பொழைக்கல. நாப்பது, அம்பது, அறுபது வயசுல என்ன ஆகும்னு எங்க கையில புத்தகம் இல்ல. நீங்கதான் மொத வரிசை. உங்களைப் பாத்துத்தான் நாங்க கத்துக்கறோம்."

"அப்போ எனக்கு முன்னாடி இந்த வழியில யாரும் நடக்கல."

"இல்ல."

திரும்பும் படகில் இருவரும் மேல்தளத்துக்குப் போகாமல் வண்டிக்குள்ளேயே உட்கார்ந்திருந்தார்கள். இங்வில் அவன் கையைப் பிடித்திருந்தாள். அவன் தன் துடிப்பை அவள் விரலில் உணர்ந்தான், கேட்க விரும்பாத ஒன்றைக் கேட்கிற மாதிரி.

மார்ச் மாதம் நகராட்சியிலிருந்து தாள் வந்தது. குட்டோர்மைப் பொறுப்பிலிருந்து எடுத்திருந்தார்கள். ஹெல்லேவோக் நிலையம் ஜூன் முதல் புகைக்குள் ஆள் இறக்காது, வெளியிலிருந்து தண்ணீர் அடிக்க மட்டும் செய்யும். கடையில் சிலர் ஓஸ்முன்னிடம் முகம் கொடுத்துப் பேசினார்கள், சிலர் பாலாடைக்கட்டி அலமாரியை உற்றுப் பார்த்தார்கள். சர்க்கரைப் பொட்டலம் என்று யாரும் கூப்பிடவில்லை. ராக்னா கூண்டுக்குப் போகும் படகிலிருந்து அவனைக் கண்டால் தலையசைப்பாள், அவ்வளவுதான்.

ஆர்ன்ஃபின்னின் மகள் ஹெர்டிஸ் ஸ்தவாங்கர் நகரத்திலிருந்து வந்து, எரிந்த வீட்டில் மிஞ்சியதைப் பிரித்து எடுத்துக்கொண்டிருந்தாள் என்று தெரிந்தது. ஒரு சனிக்கிழமை ஓஸ்முன் போனான். இங்வில் கீழே வண்டியில் காத்திருந்தாள். மேட்டுத் தெருவில் இரண்டு இடத்தில் நின்று மூச்சு வாங்கிக்கொண்டான். நிற்பதை இப்போது மறைக்கவில்லை.

ஹெர்டிஸுக்கு ஐம்பது வயதிருக்கும். கையில் கரி. அவன் பெயரைச் சொன்னதும் யாரென்று புரிந்துகொண்டாள். அவன் சொல்ல வேண்டியதைச் சொன்னான்: சோதனையில் தவறியது, காற்று அளவில் சொன்ன பொய், மாடி, விசில். இதயம், நுரையீரல் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிட்டு நிறுத்தினான். அது சாக்குச் சொல்வதாகக் காதில் விழுந்தது, அவன் அதற்காக வரவில்லை.

"அப்பா கூப்பிட்டாரா?" என்றாள் அவள்.

"தட்டிக்கிட்டு இருந்தாரு."

"நீங்க அங்க இருக்கறது அவருக்குத் தெரிஞ்சிருக்குமா?"

"எங்க விளக்கு கதவுக்கு அடியில தெரிஞ்சிருக்கும்."

அவள் கையிலிருந்த கரித்துணியை மடித்தாள், மறுபடி பிரித்தாள். "உள்ள போறதுக்கு முன்னாடியே உங்களால முடியாதுன்னு உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"எவ்வளவு நாளா?"

"ரெண்டு வருஷமா."

அவள் தலையை ஆட்டினாள். உள்ளே வாருங்கள் என்றும் சொல்லவில்லை, போங்கள் என்றும் சொல்லவில்லை. திரும்பிப் போய்ப் பாதி எரிந்த அலமாரியின் இழுப்பறையை இழுக்க ஆரம்பித்தாள். அது சிக்கிக்கொண்டிருந்தது. ஓஸ்முன் போய் மறுமுனையைப் பிடித்தான். அவள் தடுக்கவில்லை. இருவருமாக அதை வெளியே எடுத்து முற்றத்தில் வைத்தார்கள். அவன் அங்கேயே, ஈரப் புல்லில், கையை முழங்காலில் ஊன்றிக் குனிந்து நின்றான். ஹெர்டிஸ் அவன் முதுகு ஏறி இறங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"உக்காருங்க" என்றாள் கடைசியில். "மெதுவாப் போகலாம்."